பிரேக் போட்ட நாற்காலி

நாற்பத்தோரு விநாடி. அந்த வீடியோவின் நீளம் அவ்வளவுதான். ஒரு பெண் ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அதில் தொங்கிக்கொண்டிருந்ததால், கவிநிலா அதை ஒன்பதாவது தடவையாக ஓடவிட்டாள்.

முதலில் ஒரு சக்கர நாற்காலியின் இடது பிரேக் லிவர், வெகு கிட்டத்தில். பூட்டியிருக்கிறது. அடுத்து வலது லிவர். அதுவும் பூட்டியிருக்கிறது. பிறகு போனை எதன் மீதோ சாய்த்து வைக்கிறார்கள்; படம் ஆடாமல் நிற்கிறது. மாடித் தாழ்வாரம். வெள்ளைச் சுவர், அதில் ஒரு சிலுவை. ஜன்னல் விளிம்பில் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில். நடுவில் காலி நாற்காலி. கொஞ்ச நேரம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் மெல்லத் திரும்புகின்றன. நாற்காலி ஒரு அங்குலம் நகர்கிறது. இன்னொரு அங்குலம். அப்புறம் யாரோ தள்ளியது போல வேகம் பிடித்துப் படத்தை விட்டு வெளியே ஓடுகிறது. எதிலோ மோதும் சத்தம். முடிந்தது.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிரேக் இரண்டும் போட்டபடி இருக்கிறது.

"என்ன தோணுது அர்னோ?" என்றாள்.

"என் ஸ்கூட்டர் பிரேக் போட்டா நிக்காது, இது பிரேக் போட்டா ஓடுது. ரெண்டுக்கும் ஒரே மெக்கானிக்கா இருப்பான்" என்றான் அர்னோ.

அர்னோவுக்கு நாற்பத்தைந்து வயது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு, பிரான்ஸில் குளிரும் என்ற ஒரே காரணத்துக்காகப் புதுச்சேரியைவிட்டு நகராத மனிதன். கவிநிலா பதினோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவியவள். இப்போது நேரு வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவனுடைய ஜோக்குகளுக்கு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மாதா மாதம் சம்பளம் கொடுத்துவிடுகிறாள்.

எதிரே உட்கார்ந்திருந்த எழிலரசன் சிரிக்கும் நிலைமையில் இல்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுகிறவன், சொந்த ஊர் பிள்ளைச்சாவடி. அவன் தங்கை சரிதா, சஃப்ரேன் வீதியில் ரோஜே என்ற எழுபத்தொன்பது வயது முன்னாள் சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் அதைச் 'சொல்தா வீடு' என்பார்கள். ஆறு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, சக்கர நாற்காலியில் வைத்து உருட்டியவள் அவள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வழக்கம்போல மாடிப்படி ஓரத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டுக் காப்பி போடப் போனாள். நாற்காலி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்று தெரியும். கிழவருக்கு அது தினமும் வேண்டும். அவள் காப்பியோடு திரும்பி வந்தபோது நாற்காலி அங்கே இல்லை. பத்தொன்பது படிகளுக்குக் கீழே அவரும் நாற்காலியும் கிடந்தார்கள். அவருக்கு உயிர் இல்லை.

இரண்டு பக்கமும் பிரேக் போட்டேன் என்று சரிதா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் அதே நாற்காலியை அதே இடத்தில் வைத்து, பிரேக் போட்டு, பலமாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அப்படியானால் நீ போடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, சாயங்காலம் அனுப்புகிறார்கள். பிரேக் போட மறந்துவிட்டேன் என்று இன்று ஆறு மணிக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு, தண்டனை குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"போட்டுடப் போறா மேடம்" என்றான் எழிலரசன். "நேத்து ராத்திரி என்கிட்டயே கேக்குறா, நான் போடாமத்தான் வந்துட்டனாண்ணான்னு. சின்னப் புள்ளைங்க ரெண்டு இருக்கு அவளுக்கு."

அவன் கையில் இருந்த ஒரே நம்பிக்கை இந்த வீடியோ. அனுப்பியவர் யோஹான், ரோஜேவின் தங்கை மகன், அதே வீட்டில் இருப்பவர், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கிழவர் விழுந்த நேரத்தில் அவர் ஷிஃப்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் நாற்காலி தானாக நகர்வதைப் பார்த்துப் பயந்து, அடுத்த தடவை போனில் பிடித்தாராம். உன் தங்கச்சி மேல் தப்பில்லை, அந்த நாற்காலியில் ஏதோ இருக்கிறது, இதைக் காட்டி அவளைக் காப்பாற்று என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எழிலரசன் காட்டினான். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, நூல் கட்டி இழுத்திருப்பார்கள் என்றார்.

"நல்ல மனுசன் மேடம் அவரு. மாமா செத்த துக்கத்துலயும் எங்களுக்காக நெனச்சிருக்காரு பாருங்க."

கவிநிலா போனை அர்னோவிடம் நீட்டினாள். வீடியோவை எப்போது எடுத்தது என்று போனில் தெரியுமா என்று அர்னோவைக் கேட்டாள்.

"வாட்ஸ்அப்ல வந்த படத்துக்குப் பொறந்த தேதி கெடையாது மேடம். தத்துப் புள்ள மாதிரி. வந்து சேந்த தேதிதான் இருக்கும்."

எழிலரசன் தன் தங்கை எப்படிப்பட்டவள் என்று காட்ட இன்னொரு படம் எடுத்தான். சரிதா அனுப்பியது. அதே தாழ்வாரத்தில் ரோஜே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து ஆள் வந்து பூசிவிட்டுப் போன சாம்பல் நெற்றியில் சிலுவையாக இருக்கிறது. பல் இல்லாத வாயால் சிரிக்கிறார். கீழே சரிதா, 'தாத்தா இன்னிக்கி ஸ்டைலு' என்று எழுதியிருந்தாள். கவிநிலா இரண்டையும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

அனுப்பிக்கொண்டே எழிலரசன், "எங்க கம்பெனி ட்ரையல் வீடியோ மாதிரியே எடுத்திருக்காரு" என்றான். ரிப்பேர் செய்த மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது, லாக் போட்டிருப்பதை முதலில் கிட்டத்தில் காட்டிவிட்டுத்தான் ஓட்டிக்காட்ட வேண்டுமாம். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று எல்லாத் தொழிற்சாலையிலும் அப்படித்தானாம்.

கவிநிலா பத்தாவது தடவை வீடியோவின் ஆரம்பத்தை மட்டும் பார்த்தாள். இடது லிவர். வலது லிவர். போனைப் பைக்குள் போட்டாள்.

"கிளம்பு அர்னோ" என்றாள்.

சொல்தா வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கஃபே நடக்கிறது. பெங்களூர்ப் பிள்ளைகள் மஞ்சள் சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அர்னோ விலைப்பட்டியலைப் படித்தான். "ஒரு காப்பி இருநூத்தி எம்பது. பேய் மாடியில இல்ல மேடம், கீழ கல்லாவுல உக்காந்திருக்கு" என்றான். தவக்காலத்தில் கறியை விட்டதிலிருந்து அவனுக்கு வாய் கொஞ்சம் அதிகமாகியிருந்தது.

நடக்க முடியாத மனிதர் மாடியில் இருந்ததற்குக் காரணம் இந்தக் கஃபேதான். வாடகைக்கு விடலாம் என்று யோஹான் சொன்னார், கிழவர் மேலே ஏறினார். அதன் பிறகு ஞாயிறு பூசைக்கு மட்டும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். முழு வீட்டையும் ஹோட்டலுக்குக் கேட்டு ஆள் வந்தபோது, என் சவப்பெட்டி இறங்கின பிறகு பேசிக்கொள் என்று கிழவர் யோஹானிடம் சொன்னதாகத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

யோஹான் மாடிப்படியிலேயே வந்து வரவேற்றார். முப்பத்தாறு வயது இருக்கும். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார், குரலை உயர்த்தாமல் பேசினார். நாற்காலி தாழ்வாரத்து மூலையில் போர்வை மூடிக் கிடந்தது. கஃபேக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பயப்படுவதால் இன்று சாயங்காலம் கடற்கரையில் எரித்துவிடப் போவதாகச் சொன்னார். எரிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றாள் கவிநிலா. தாராளமாக என்றார்.

முதலில் தரை. வீடியோவை நிறுத்திவைத்து, ஜன்னல் பாட்டிலைப் பெரிதாக்கினாள். தண்ணீர் யாருக்காகவும் பொய் சொல்லாது. பாட்டிலுக்குள் அதன் மட்டம் படத்தின் கீழ்விளிம்புக்கு இணையாக இருந்தது. ஆக, போனைச் சாய்த்து வைத்து ஏமாற்றவில்லை. தரையின் ஓட்டு வரிசைதான் படிக்கட்டுப் பக்கம் இறங்கியது. மழைத் தண்ணீர் வடிவதற்காக அந்தக் காலத்துக் கொத்தனார் விட்ட வாட்டம். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். நூலும் இல்லை. நூல் கட்டி இழுத்தால் நாற்காலி வெடுக்கென்று கிளம்பும். இது சின்னச் சக்கரங்கள் திரும்பும்வரை காத்திருந்து, சரிவு பார்த்துப் போனது.

அடுத்து பிரேக். நாற்காலியை வீடியோவில் நின்ற இடத்திலேயே நிறுத்தி, இரண்டு லிவரையும் பூட்டி, அர்னோவை உட்காரச் சொன்னாள்.

"தொண்ணூத்திரண்டு கிலோ. நான் உக்காந்த நாற்காலியில இன்னொருத்தன் உக்கார எடம் இருக்காது, பேயா இருந்தாலும்" என்றபடி உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான், அசையவில்லை. பிரேக்கை எடுத்ததும் நாற்காலி மெல்ல மூக்கைத் திருப்பிப் படிக்கட்டைப் பார்த்துக் கிளம்பியது. கவிநிலா பிடித்து நிறுத்தினாள். அர்னோ படிகளை எட்டிப் பார்த்தான். வேகமாக எழுந்து சுவரோரம் போய் நின்றான்.

"அதான் நானும் சொல்றேன்" என்றார் யோஹான் மென்மையாக. "இன்னைக்கி நிக்குது. அன்னைக்கி பிரேக் போட்டும் ஓடிச்சு. அதுக்கு நீங்க என்ன பேரு வச்சாலும் சரி."

கவிநிலா முட்டி போட்டு உட்கார்ந்தாள். பிரேக் என்பது, குழாயில் கவ்வியிருக்கும் ஒரு பிடி. இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகரும். லிவரை மடக்கினால் அதன் இரும்பு நாக்கு டயரை அழுத்த வேண்டும். பிடி அரை அங்குலம் தள்ளியிருந்தால் லிவர் மடங்கும், பூட்டியது போலவே இருக்கும், நாக்கு மட்டும் டயரைத் தொடாது. இப்போது பிடி பழைய இடத்தில் இருந்தது. ஆனால் அதற்கு அரை அங்குலம் தள்ளி, குழாயின் பெயின்ட்டில் ஒரு வளையக் கீறல். பளபளவென்று இருந்தது. கடலிலிருந்து முந்நூறு மீட்டரில் இருக்கும் வீடு இது. இங்கே ஊசியை ஒரு வாரம் வெளியே வைத்தால் துரு ஏறிவிடும். இந்தக் கீறலில் துரு இன்னும் ஏறவில்லை.

அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். இதை ஒரு வக்கீல் ஐந்து நிமிஷத்தில் ஊதிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கீறல் எப்போது விழுந்தது, யார் போட்டது? சரிதா போட்டாள் என்றுகூடச் சொல்லலாம். கடிகாரம் நாலரை காட்டியது. அங்கே ஸ்டேஷன் பெஞ்சில் ஒருத்தி, தான் செய்யாத தப்பை எழுதிக்கொடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அவளுக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலில் சுவரைப் பார்த்தாள். சிலுவையைப் பார்த்தாள். போனை எடுத்து வீடியோவைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"அர்னோ, இங்க வா. வீடியோவுல சிலுவைக்குப் பின்னாடி மஞ்சளா நீட்டிட்டு இருக்கே, அது என்ன?"

"குருத்தோலை மேடம். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்னைக்கி கோயில்ல மந்திரிச்சுத் தருவாங்க. சிலுவைக்குப் பின்னால சொருகிட்டா வருஷம் பூரா அங்கயே காயும். எங்க வீட்டுலயும்..." என்று ஆரம்பித்தவன், சுவரைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். அவன் முகம் மாறியது. கவிநிலாவின் காதருகே குனிந்து மீதியைச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

பிறகு யோஹானிடம் திரும்பி, ஒரே ஒரு விவரம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றாள். வீடியோ எடுத்தது திங்கட்கிழமைதானே? ஆமாம் என்றார் அவர். பதினேழாம் தேதி? அடக்கத்துக்கு மறுநாள், சந்தேகமே இல்லை, போலீஸிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அதற்கு முன் எப்போதாவது இப்படி நகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லவே இல்லை.

"பயந்துட்டீங்க இல்ல?"

"பயப்படாம இருக்க முடியுங்களா?"

"பயந்தவரு மொதல்ல பிரேக்கைத்தான் எடுத்திருக்கீங்க. லெஃப்ட், ரைட். அப்புறம் போனை ஆடாம நிறுத்தி வச்சிருக்கீங்க. நாற்காலி நகரும்னு தெரிஞ்சவர் மாதிரி."

"பழக்கம்" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"சரி. சிலுவையில இருக்கிற ஓலை?"

"அது எப்பவும் அங்கதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

சிலுவை மட்டும் இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை.

"யாராச்சும் எடுத்திருப்பாங்க. துஷ்டி வீடு, எவ்வளவோ பேர் வந்து போனாங்க."

"மிசியே யோஹான், கோயிலுக்குப் போயி எத்தனை வருஷம் ஆவுது?" என்றான் அர்னோ. குரலில் கேலி இல்லை. "சாம்பல் புதனுக்கு முன்னாடி பழைய ஓலையை எல்லாம் கோயில்ல திருப்பிக் குடுத்துடணும். அதை எரிச்சுத்தான் நெத்தியில பூசற சாம்பலே செய்வாங்க. புது ஓலை வர இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு. இந்த நாப்பது நாள் எங்க எந்த வீட்டுச் சிலுவையிலயும் ஓலை இருக்காது. என்னை மாதிரி ஆளுகூடக் குடுத்துட்டேன். என் அம்மா விடாது."

கவிநிலா மற்றப் படத்தை யோஹானுக்குக் காட்டினாள். நெற்றியில் சாம்பலோடு சிரிக்கும் ரோஜே. தலைக்கு மேலே அதே சிலுவை, ஓலை இல்லாமல்.

"இது மார்ச் அஞ்சு. இங்கயே ஓலை இல்ல. நீங்க மார்ச் பதினேழுல எடுத்த வீடியோவுல இருக்கு. அந்த ஓலை எங்க போச்சுன்னு தெரியணுமா? இதோ, உங்க மாமா நெத்தியில இருக்கு."

யோஹான் படத்தைப் பார்த்தார். கீழே கஃபேயில் யாரோ உரக்கச் சிரித்தார்கள்.

"வீடியோவுல பொய்யே இல்ல" என்றாள் கவிநிலா. "நாற்காலி நெஜமாவே ஓடிச்சு. தேதி மட்டும்தான் பொய். இது உங்க மாமா செத்த பிறகு எடுத்தது இல்ல. அவரு உயிரோட உள்ள ரூம்ல தூங்கிட்டிருந்தப்ப எடுத்தது. நீங்க ட்ரையல் பாத்திருக்கீங்க."

பிடியைத் தள்ளிவைத்தால், தான் சேதராப்பட்டில் இருக்கும்போதே நாற்காலி தானாகக் கிளம்புமா, எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்திருக்கிறார். பார்த்ததைத் தொழில் பழக்கத்தில் படமும் பிடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகுமுன் மறுபடி தள்ளிவைத்தார். அன்று இரவே, போலீஸ் நாற்காலியைச் சோதிக்குமுன் பழைய இடத்துக்கு நகர்த்தினார். சரிதா மீது கேஸ் என்றதும்தான் சிக்கல் வந்தது. கேஸ் என்றால் நாற்காலி கோர்ட்டுக்குப் போகும், குழாயை எவனாவது உற்றுப் பார்ப்பான். பேய் என்றால் எரித்துவிடலாம், பெயின்ட்டோடு கீறலும் போய்விடும். மறுபடி போல்ட்டைத் தளர்த்திப் புதுப் படம் எடுக்க, துஷ்டிக்கு வந்தவர்கள் விடவில்லை. கையில் இருந்த பழைய படத்தையே அனுப்பினார். அதையும் கருணை போல, அவள் அண்ணனுக்கே.

யோஹான் மறுக்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தபடி, "எழுபத்தொம்பது வயசு. அவருக்கு இன்னும் என்ன இருந்துச்சு?" என்றார்.

"அஞ்சு மணிக்குக் கடல்" என்றான் அர்னோ.

அர்னோவை நாற்காலிக்குக் காவல் வைத்துவிட்டு, கவிநிலா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் முதலில் அலுத்துக்கொண்டார். ஓலையைப் பற்றிச் சொன்னாள். அங்கே இருந்த கான்ஸ்டபிள் யாரோ கிறிஸ்தவர் போலிருக்கிறது. இன்ஸ்பெக்டர் அவரிடம் ஏதோ கேட்பதும், அவர் ஆமாம் சார் என்பதும் கேட்டது. இருபது நிமிஷத்தில் ஜீப் வந்தது. யோஹான் கறுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு ஏறினார்.

அவள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறாக ஐந்து நிமிஷம் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் சரிதா உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண், கண் உள்ளே போயிருந்தது. மடியில் ஒரு தாள். வாசலில் எழிலரசன் விஷயம் தெரிந்து அழுதுகொண்டிருந்தான், உள்ளே வரத் தைரியம் இல்லாமல். கவிநிலா பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாங்கிப் பார்த்தாள். 'பிரேக் போட மறந்துவிட்டேன்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டாகியிருந்தது. மை காய்ந்துவிட்டது.

அவள் அந்தத் தாளை நான்காகக் கிழித்தாள். மேஜையில் இருந்த ரைட்டர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். யோஹானின் பெயர் வந்தபோது சரிதாவிடம் கோபம் தெரியும் என்று எதிர்பார்த்தாள். தெரியவில்லை. சிலுவை ஓலையைத் தாத்தா சொன்னபடி தான்தான் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்ததாக மட்டும் சொன்னாள். அப்புறம் தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள் மெல்ல இரண்டு பக்கமும் நீண்டு, இல்லாத லிவர்களைப் பிடித்து மடக்கின. இடது. வலது.

"அன்னைக்கி லேசா மடங்குச்சு மேடம்" என்றாள். "எப்பவும் அழுத்திப் போடணும். அன்னைக்கி லேசா இருந்துச்சு. யோஹான் சார் எண்ணெய் போட்டிருக்காருன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சுன்னு தாத்தாகிட்ட சொன்னேன்."

பதினோரு வருஷம் பொய்களைக் கேட்டுப் பழகியவளுக்கு இதைக் கேட்கும் பழக்கம் இல்லை.

"ஆனா போட்டேன் இல்ல?" சரிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் போட்டுட்டுத்தான போனேன்?"

"போட்டீங்க" என்றாள் கவிநிலா. "ரெண்டு பக்கமும் போட்டீங்க."

சரிதா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கவிநிலா சொன்னாள்.